எந்த வகுப்பு

நொவீனாவில் இறங்குகிறவர்களில்
யார் எந்த மருத்துவமனைக்கு என்று
மின்படியில் வைத்தே சொல்லிவிடுவேன்.
கையில் பிளாஸ்க் இருந்தால் அரசாங்கம்.
கோப்பு மட்டும் இருந்தால் தனியார்.
ஒன்பது வருஷம் அங்கே, இரண்டு வருஷம் இங்கே,
இரண்டிலும் கட்டணப் பிரிவுதான்.
மருந்து வாசனை என் மேசைவரை வந்ததில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
அச்சிட்ட தாளின் சூடு.

அங்கே முதல் கேள்வி: எந்தக் காப்புறுதி?
இங்கே: எந்த வகுப்பு?
வலியோடு வந்தவர்
இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் விழிப்பார்.

சி வகுப்பென்றால் மின்விசிறி, வரிசையாய்க் கட்டில்கள்,
பக்கத்துக் கட்டில்காரரின் இருமல்,
அவர் மகள் இன்னும் வந்து பார்க்காத கதை.
ஏ வகுப்பென்றால் தனியறை, குளிர்,
ஜன்னலில் தெரியும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் சேர்த்து ரசீது.
கத்தி ஒன்றுதான்.
தையல் நூலும்.

பொய் சொல்லக்கூடாது.
அங்கே திங்கட்கிழமை முட்டி வலி என்றவருக்குப்
புதன்கிழமைக்குள் ஸ்கேன் முடிந்துவிடும்.
அதிலொரு அழகு இருந்தது.
இங்கே பலதுறை மருந்தகத்துக் கடிதத்தோடு வந்த
டாக்சிக்காரர் இருதயசாமிக்கு
நான்கு மாதம் தள்ளித் தேதி கொடுத்தேன்.
"அதுக்குள்ள முட்டியே பழகிக்கும்மா" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை,
அடுத்த எண்ணை அழுத்தினேன்.

அங்கே ஒரு கடிதம் வரும்.
நல்ல தாள், மரியாதையான மொழி:
இந்நோய் காப்புறுதிக்கு முன்பே இருந்தது.
எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்!
எதுதான் முன்பே இல்லை?
அப்பாவின் சர்க்கரை முன்பே இருந்தது.
இரவு வேலை முடிந்து தின்ற பரோட்டா முன்பே இருந்தது.
முகவர் வீட்டுக்கு வந்து பாயாசம் குடித்தபடி
எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று
அவரே கோடு போட்டாரே,
அந்த அவசரமும் முன்பே இருந்தது.

எது மேல் என்று பொங்கலன்று கேட்டான்
தங்கை கணவன். வங்கியில் வேலை.
கேள்வி கேட்டுவிட்டு
பதிலையும் அவனே சொல்லும் வகை.
சொல்லி முடிக்கட்டும் என்று வடையைப் பிய்த்தேன்.
அரசாங்கம் தருகிறது என்கிறோம்,
மெடிசேவில் இருப்பது
என் சம்பளத்திலிருந்து எனக்குத் தெரியாமல் நகர்ந்த காசு.
தனியார் தருகிறார்கள் என்கிறோம்,
அது போன வருஷம் நோயில் விழாதவனின் சந்தா.
ஆனால் இங்கே ரசீதின் அடியில் ஒரு வரி உண்டு:
அரசு மானியம்,
முன்னால் சின்னக் கழித்தல் குறி.
இருதயசாமியின் தாளில் அதை அடிக்கும்போது
முகம் தெரியாத யார் யாரோ
ஆளுக்கொரு விரல் கொடுத்துக்
கட்டிலைத் தூக்குவதுபோல் இருக்கும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
வடை ஆறிவிட்டிருந்தது.

போன மாதம் கப்பல் பட்டறையிலிருந்து ஒருவர்,
தமிழ்க்கண்ணன், அறந்தாங்கிப் பக்கம்.
கால் எலும்பு இரண்டு இடத்தில்.
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்,
எந்த வகுப்பு?
"எட்டாவது" என்றார்.
"அதுக்கு மேல படிக்கலக்கா."

வேலை அனுமதிக்காரருக்கு மானியம் இல்லை.
அதே மின்விசிறியின் கீழ் படுத்தாலும் முழு விலை.
முதலாளி எடுத்த காப்புறுதிக்கு ஓர் உச்சவரம்பு,
அதைத் தாண்டியது யார் தலையில் என்று கேட்க
மூன்று முறை அழைத்தேன்.
மேற்பார்வையாளர் கைப்பேசியில்
ஒரு பழைய பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

கழித்தல் குறி இல்லாத தாளை
சமூக சேவகரின் கோப்பில் வைப்பதற்கு முன்
அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார்.
கட்டுப்போட்ட காலைத் தலையணையில் ஏற்றிவைத்துக்கொண்டு
எண்களை இடமிருந்து வலம்,
பிறகு வலமிருந்து இடம் எண்ணினார்.

"எட்டாவதுக்கே இவ்வளவாக்கா?"

தாள் இன்னும் சூடாக இருந்தது.